ஹட்டனிலிருந்து ஹட்டனுக்கு: எலைட் டேஞ்சரஸில் ஸ்டேஷன் தேர்ந்தெடுத்து இறங்குவது எப்படி?

எனக்கு ஊர் இலங்கை மலையகத்து ஹட்டன். விண்வெளியில் கப்பல் ஓட்டும் கணினி விளையாட்டான எலைட் டேஞ்சரஸில், ஆல்ஃபா சென்டாரி மண்டலத்தில் ‘ஹட்டன் ஆர்பிட்டல்’ என்ற விண்வெளி ஸ்டேஷனின் பெயரைப் பார்த்ததும் உடனே அங்கே கிளம்பிவிட்டேன். நாம் வந்து இறங்கும் நட்சத்திரத்திலிருந்து அது சுமார் 0.22 ஒளியாண்டு தொலைவு. சாதாரண டிரைவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதி வழியில் இங்கே ஊரில் மழை பிடித்து, கரண்டும் போய்விட்டது.

அதனால் முதலில் சிஸ்டம் மேப்பை, அதாவது நட்சத்திர மண்டலத்தின் வரைபடத்தைத் திறந்து, ஸ்டேஷனைத் தொட்டு, தூரத்தைப் படியுங்கள். தொடக்கத்தில் 1,000 ஒளிநொடிக்குள் (ஒளிநொடி என்றால் ஒளி ஒரு நொடியில் போகும் தூரம்) இருப்பதையே எடுங்கள்.

அடுத்து, அது என்ன வகை என்று பாருங்கள். கொரியோலிஸ், ஆர்பிஸ், ஒசெல்லஸ் மூன்றும் பெரிய துறைமுகங்கள். கப்பல் இறங்கும் சிறிய, நடுத்தர, பெரிய தளங்கள் எல்லாம் உண்டு. அவுட்போஸ்ட் என்ற சிறிய ஸ்டேஷனில் பெரிய தளம் கிடையாது. உங்கள் முதல் கப்பல் சைட்வைண்டர் சிறியது, எங்கேயும் இறங்கும். பிற்பாடு டைப்-9 போன்ற பெரிய சரக்குக் கப்பல் வாங்கினால் இதை மறக்காதீர்கள். சரக்கை ஏற்றிக்கொண்டு போய் இறக்க முடியாமல் திரும்புவது பெரிய வேதனை. கிரகத்தின் தரையிலும் துறைமுகங்கள் உண்டு. அதைக் கொஞ்சம் பழகிய பிறகு பார்க்கலாம்.

சரி, கிளம்பலாம். சூப்பர்குரூஸில், அதாவது மண்டலத்துக்குள் அதிவேகமாகப் போகும் முறையில், ஸ்டேஷனை இலக்காக வைத்துப் பறந்து செல்லுங்கள். போய்ச் சேரும் நேரம் 7 நொடி என்று காட்டும்போது வேகத்தை முக்கால் பங்குக்குக் குறைத்தால் அந்த 7 அப்படியே நிற்கும். அவசரப்பட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள். சூப்பர்குரூஸிலிருந்து வெளியேறலாம் என்று திரையில் வந்ததும் ஜே விசையை அழுத்துங்கள்.

ஸ்டேஷனுக்கு 7.5 கிலோமீட்டருக்குள் வந்த பிறகுதான் அனுமதி கிடைக்கும். இடப்பக்கப் பலகையில் தொடர்புகள் பகுதியில் ஸ்டேஷனைத் தேர்ந்து, இறங்க அனுமதி கேளுங்கள். தள எண்ணும் 10 நிமிட அவகாசமும் தருவார்கள். பத்து நிமிடம் தாராளம்.

இனி பெரிய துறைமுகத்துக்குள் போகும் வாசல். இதுதான் எல்லோரையும் பயமுறுத்தும் இடம். எங்கள் ஊருக்குக் கொட்டகலைப் பக்கமிருந்து வரும் ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைவதைப் பார்த்திருப்பீர்களே, அந்த நிதானம் வேண்டும். ஸ்டேஷன் சுழன்றுகொண்டே இருக்கும். வாசல் பொதுவாகக் கிரகத்தைப் பார்த்திருக்கும்; அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, நேர் எதிரே நின்று, சுழற்சிக்கு ஏற்பக் கப்பலை உருட்டுங்கள். பச்சை விளக்குகள் உங்கள் வலப்பக்கம் இருக்க வேண்டும். எதிரே கப்பல் வந்தால் இந்தப் பச்சைப் பக்கம்தான் உங்களைக் காப்பாற்றும். வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போய் வேறு கப்பலில் மோதினால் அபராதம்.

உள்ளே போனதும் எல் விசையை அழுத்திச் சக்கரங்களை இறக்குங்கள். உங்கள் தள எண் மிதந்து தெரியும். அருகில் போனால் ரேடார் இருந்த இடத்தில் தளத்தின் படம் வரும். அதன் நடுவில் கப்பலை வைத்து மெதுவாக இறக்குங்கள். டாக்கிங் கம்ப்யூட்டர் பொருத்தியிருந்தால், அனுமதி கிடைத்ததும் வேகத்தைப் பூஜ்ஜியமாக்கினால் போதும், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் முதல் பத்து தடவையாவது கையால் இறக்கிப் பாருங்கள். தளம் பூட்டிக்கொள்ளும் அந்தச் சத்தத்தை உங்கள் கையாலேயே இறக்கிக் கேட்க வேண்டும்.