மிதுனத்தில் இரண்டு புள்ளிகள்: எது நெபுலா?

தை மாதத்தில் தளி பக்கம் இருட்டு நன்றாக இருக்கும், பனியும் கூடவே இறங்கும். என் ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் என்ஜிசி 2392-ஐத் தேடினேன். 1787-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த கோள் நெபுலா அது, அதாவது முதிர்ந்த விண்மீன் ஒன்று உதறிய வாயு உறை. மிதுனத்தின் வாசாட் விண்மீனுக்குக் கிழக்கு-தென்கிழக்கே, இரண்டரை டிகிரிக்குள். இடம் சரி. ஆனால் 48 மடங்கு உருப்பெருக்கத்தில் தெரிந்தது இரட்டை விண்மீன் போல இரண்டு புள்ளிகள்தான். நெபுலாவுக்கு வடக்கே ஒட்டினாற்போல ஒரு விண்மீன் இருக்கிறது.

ஓ-த்ரீ ஃபில்டர்தான் வழி காட்டியது. அதைத் திருகி மாட்டாமல், கண்ணுக்கும் ஐபீஸுக்கும் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) நடுவே விரலில் பிடித்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். வடக்குப் புள்ளி மங்கியது, தெற்குப் புள்ளி அப்படியே நின்றது! அயனியான ஆக்சிஜனின் 496, 501 நானோமீட்டர் ஒளியை விட்டு மற்றதை அந்த ஃபில்டர் தடுக்கிறது. நெபுலா ஒளிர்வதோ பெரும்பாலும் அந்த ஒளியில்தான்.

அப்புறம் ஃபில்டரை எடுத்துவிட்டு 150 மடங்குக்குப் போனேன். ஓரப்பார்வையில், அதாவது நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தபோது, மெல்லிய வட்டு, நடுவில் கூர்மையாக மைய விண்மீன். எனக்கு இந்தக் காட்சிதான் பிடித்தது.

இங்கே நள்ளிரவில் மிதுனம் ஏறக்குறைய உச்சியில் இருக்கும், டாப்சோனியனைத் திருப்புவது சிரமம். கிழக்கில் பாதி உயரம் ஏறியதுமே பார்த்துவிடுங்கள். ஐபீஸில் பனி படிந்தால் துடைக்காதீர்கள். சட்டைப் பையில் கதகதப்பாக இன்னொரு ஐபீஸ் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.