ஆண்டவருக்குப் பேரேடு வேண்டாம்: கிட்டிச் சேர நினைப்பவர்கள் செய்யும் சில தவறுகள்

மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் 22 வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். முன்பு சிவப்பு அட்டைப் பேரேடு, இப்போது கம்ப்யூட்டரில் டேலி. எதைப் பார்த்தாலும் பற்று, வரவு, நின்ற பாக்கி என்றே கண்ணில் படும். இந்தப் புத்தி ஆலயத்துக்குள்ளும் என்கூடவே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிய எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. எத்தனை அதிகாரம் வாசித்தேன், எத்தனை நிமிஷம் முழங்காலில் நின்றேன், எத்தனை வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன் என்று வரவு வைப்பது. அப்புறம், "இவ்வளவு செய்தும் மகனுக்கு வேலை அமையலையே" என்று ஆண்டவரிடம் பாக்கி கேட்பது. "தேவனிடத்தில் சேருங்கள், அப்பொழுது அவர் உங்களிடத்தில் சேருவார்" என்ற யாக்கோபு 4:8ஐக்கூட நான் கொடுக்கல் வாங்கலாகத்தான் படித்துவந்தேன்.

ஞாயிறு பாடசாலையிலும் வீட்டுக் கூட்டங்களிலும் பார்த்த வரைக்கும் இது என் ஒருவனுடைய வியாதி இல்லை. கீழே எழுதியிருக்கிற தவறுகளில் முக்கால்வாசி நானே செய்தவை.

ஜனவரி வேகம்

வருஷத்துக்குள் வேதத்தை முடித்துவிட வேண்டும் என்று புத்தாண்டில் தீர்மானம் எடுப்போம். நாம் வாசிக்கிற வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு மூன்றேகால் அதிகாரம் வரும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40. ஆபிரகாம், யோசேப்பு, மோசே என்று கதை ஓட்டத்தில் ஜனவரி ஓடிவிடும். மாதக் கடைசியில் லேவியராகமம் வந்து வழியை மறிக்கும். பிப்ரவரி முதல் வாரத்தில் எண்ணாகமத்தில் கோத்திரம் கோத்திரமாகத் தலை எண்ணத் தொடங்கும்போது, கணக்குப்பிள்ளையான எனக்கே கண் சொருகும். நாலு நாள் விட்டுப்போகும். விட்டதைப் பிடிக்க ஒரே ராத்திரியில் பதின்மூன்று அதிகாரம். அதோடு புத்தகம் மூடப்படும். டிசம்பர் வரைக்கும் அதைப் பார்க்கும்போதெல்லாம் கடன்காரனைப் பார்த்தமாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

முழு வேதத்தையும் வாசிப்பதில் குற்றமில்லை. வாசித்தது யாருடைய குரல் என்பதை மறந்துவிட்டு, எத்தனை பக்கம் தாண்டினோம் என்று பார்ப்பதில்தான் பிசகு. விட்டுப்போனவர்களுக்கு நான் சொல்வது மாற்கு சுவிசேஷம். 16 அதிகாரம்தான். ஒரு நாளைக்கு ஒரு சம்பவம் போதும். வழியோரம் பிச்சை கேட்டு உட்கார்ந்திருந்த குருடன் பர்திமேயுவிடம் இயேசு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" என்று கேட்பார். கண் தெரியாதவனிடம் இது என்ன கேள்வி? ஒரு நாள் பூராவும், பருப்பு மூட்டை எடை போடுகிற சத்தத்துக்கு நடுவில், இந்த ஒரு கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் கேட்டால் என்ன சொல்வேன் என்று சாயங்காலம்வரை பதில் வரவில்லை. அன்றைக்கு நான் வாசித்தது ஏழே வசனம்.

அறைவீடு இல்லாதவர்கள்

"உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" ஜெபம்பண்ணச் சொல்கிறது மத்தேயு 6:6. நான் வளர்ந்த வளவில் எட்டுக் குடித்தனம். ஒரு குடித்தனத்துக்கு ஒரு அறை, அதிலேயே அடுப்பு. கதவைப் பூட்டினால் புகை போக வழியில்லை.

அந்த வளவில் என் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். அதிகாலை நாலு மணி ஜெபம் பற்றிப் பிரசங்கம் கேட்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள். நாலு மணிக்கு அவள் குழாயடியில் நிற்பாள். தண்ணீர் ஒன்றுவிட்ட ஒரு நாள்தான் வரும், அதுவும் நூல் மாதிரி. அவள் போன பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு குடம் நிறைகிற நேரத்தை ஒரு பிள்ளைக்கு என்று வைத்திருந்தாளாம். முதல் குடம் மூத்தவனுக்கு, இரண்டாவது இளையவளுக்கு, மூன்றாவது எதிர்வீட்டில் சண்டை போடுகிறவளுக்கு. கூட நின்ற ஒரு அக்காவிடம் எப்போதோ சொல்லியிருக்கிறாள். தனக்கு ஜெப ஜீவியமே இல்லை என்றும் அதே அக்காவிடம் வருத்தப்பட்டிருக்கிறாள்.

மத்தேயு அந்த இடத்தில் பேசுவது மனுஷர் காணும்படி வீதிச் சந்தியில் நின்று ஜெபிக்கிறவர்களைப் பற்றி. அவர்களுக்குத்தான் இயேசு கதவைப் பூட்டச் சொன்னார். குழாயடியில் நிற்கிறவளிடம் அவர் அறை கேட்கவில்லை. விடியற்காலை அமைதி கிடைக்கிறவர்கள் தாராளமாக எழுந்து ஜெபிக்கட்டும். அது கிடைக்காத தாய்மாரிடமும், இரவு ஷிப்ட் முடித்து வருகிறவர்களிடமும் அதையே அளவுகோலாக நீட்டுவதை நிறுத்தினால் நல்லது.

ஜெபத் தமிழ்

இது நான் செய்த தவறு. ஞாயிறு பாடசாலையில் ஒரு பையன், எட்டு வயதிருக்கும், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஏசப்பா, எங்கப்பா இன்னைக்குக் குடிக்காம வரணும்" என்றான். அவ்வளவுதான் ஜெபம். நான் பொறுப்பான வாத்தியாராக அவனைத் திருத்தினேன். "கிருபையும் இரக்கமும் நிறைந்த பரலோக பிதாவே என்று ஆரம்பிக்கணும் தம்பி." அடுத்த வாரம் அவன் அழகாக ஆரம்பித்தான். இந்த வேளைக்காக ஸ்தோத்திரம் சொன்னான். கூடி வந்தோரை ஆசீர்வதித்தான். அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் சொல்லவே இல்லை.

ஆலயத்தில் பொதுவாக ஏறெடுக்கும் ஜெபத்துக்கு ஒரு ஒழுங்கு, ஒரு பழைய நடை இருப்பது அழகு. பழைய வேதாகமத் தமிழ் எனக்கு உயிர். ஆனால் தனியே பேசும்போதும் அந்த மேடைத் தமிழிலேயே பேசினால், நம்மை உறுத்துகிற விஷயத்துக்கு அதில் வார்த்தையே அகப்படாது. கொழுந்தியாள்மேல் எரிச்சல், வட்டிக்காரன் பயம், டாக்டர் சொன்ன ஒரு சொல், இதெல்லாம் "பலவிதமான பாடுகள்" என்று பொதுவாகப் போய்விடும். இதே ஊருக்கு 1606இல் வந்தார் இத்தாலி தேசத்து இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, தத்துவ போதகர் என்று பேர் பெற்றவர். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் தெலுங்கும் வடமொழியும் உட்கார்ந்து கற்றார். சாதி விஷயத்தில் அவர் போன வழியோடு எனக்கு வழக்கு உண்டு. ஆனாலும் இந்த ஊர்க்காரனுக்குக் கடவுளைப் பற்றி இந்த ஊர்ப் பேச்சில் சொல்ல வேண்டும் என்று ஒரு அந்நியன் அத்தனை பாடுபட்ட இடத்தில், சொந்தக் கவலையைச் சொந்தப் பேச்சில் சொல்ல நாம் கூச்சப்படுகிறோம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. முன்னுரை, ஸ்தோத்திரம் எதுவும் கிடையாது. நேரே சண்டைதான்.

வாட்ஸ்ஆப்பில் காலை ஐந்தரைக்கு ரோஜாப்பூ போட்ட வசனத்தை நாற்பது பேருக்கு அனுப்புவது பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அனுப்பிய வசனம் என்ன என்று பத்து மணிக்கு உங்களையே கேட்டுப் பாருங்கள்.

எதிர்பார்த்திருக்கும் முடிவு

டிசம்பர் 31 இராத்திரி ஆராதனை முடிந்ததும், புது வருஷத்துக்கு ஆளுக்கொரு வசனம் என்று வாக்குத்தத்த அட்டைத் தட்டு வரும். எடுத்ததைப் பார்த்துவிட்டு, முகம் சுருங்கி, இன்னொன்று எடுப்பவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். யோவான் 16:33 அட்டையில் "திடன்கொள்ளுங்கள், நான் உலகத்தை ஜெயித்தேன்" மட்டும் இருக்கும். அதே வசனத்தில் அதற்கு முன்னால் "உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு" என்று இருப்பதை அச்சுக்காரர் விட்டுவிடுவார்.

அதிகம் ஆசைப்படுகிற அட்டை எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வரும். இதைத் தமிழில் வாசிக்கிறவன் என்ன நினைப்பான்? நான் எதிர்பார்க்கிற அந்த வரன், அந்த அரசு வேலை, அந்த விசா. எபிரெயத்தில் இருப்பது எதிர்காலம், நம்பிக்கை என்ற இரண்டு சொற்கள்தான். நம் பட்டியலுக்கு அதில் இடமில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டு அந்த அதிகாரத்தைத் திறந்தால், அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்புவதைப் பார்த்திருக்கவே முடியாது. அவர்களுக்குச் சொன்னது: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள்.

இந்தக் கடைசி வார்த்தையை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை.

வறட்சி

கன்வென்ஷன் கூட்டத்தில் மூன்று இரவு அழுது, பாடி, லேசான மனதோடு வீடு திரும்புவோம். செவ்வாய்க்கிழமை ஒன்றும் இருக்காது. ஜெபித்தால் சுவரோடு பேசுகிறமாதிரி இருக்கும். உடனே "நான் பின்வாங்கிப் போய்விட்டேன், ஏதோ மறைவான பாவம்" என்று நம்மையே துருவ ஆரம்பிப்போம், அல்லது அடுத்த கூட்டம் எங்கே என்று போஸ்டர் தேடுவோம். உணர்ச்சி இருந்தால் வரவு, இல்லாவிட்டால் நஷ்டம். இதுவும் பேரேடுதான். வைகை வறண்டால் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த ஊர்க்காரர்கள் நாம். மேலே தண்ணீர் ஓடவில்லை என்பதால் ஆறு செத்தது என்று நம் பாட்டிகள் சொன்னதில்லை.

இதில் ஆபத்தான ஒரு பிழையும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது என்று ஒருவர் சொன்னால், "விசுவாசம் பத்தலை, இன்னும் ஜெபி" என்று சொல்லாதீர்கள். 1 இராஜாக்கள் 19இல் தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவதூதன் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. தூங்க விட்டான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்துத் தட்டி எழுப்பினான். எலியா தின்றுவிட்டு மறுபடி தூங்கினான், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் மெல்லிய சத்தத்தில் அவனோடு பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். ஆகவே முதலில் சாப்பாடு, தூக்கம், மனநல டாக்டர். கூடப் போய் வரிசையில் உட்காருங்கள். ஜெபத்தை அங்கே உட்கார்ந்தும் செய்யலாம்.

கையில் வாங்கிய சமாதானம்

1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து முறையில் சமாதானத்தைக் கைமாற்றும் ஒரு இடம் உண்டு. ஆயர் கையிலிருந்து தொடங்கி, பெஞ்சு பெஞ்சாக, கைக்குள் கை வைத்து அது பின்வரிசைவரை வரும். எனக்கும் என் அண்ணனுக்கும் திருமங்கலம் பக்கத்து ஒன்றரை சென்ட் இடத்தில் தகராறு. ஆறு வருஷம் அவர் வலது பக்கம், நான் இடது பக்கம். இரண்டு பக்கத்துக்கும் சமாதானம் தனித்தனியாக வரும், பிரச்சினை இல்லை.

மத்தேயு 5:23ஐ, எனக்கு யார்மேலாவது குறை இருந்தால் மன்னித்துவிட்டுக் காணிக்கை செலுத்த வேண்டும் என்றே நான் நினைத்திருந்தேன். மன்னித்தும் விட்டேன், மனதுக்குள்ளே, செலவில்லாமல். ஆனால் வசனம் "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால் என்கிறது. குறை அவருக்கு, என்மேல். அதை என் வீட்டு முழங்காலில் தீர்க்க முடியாது. காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போகச் சொல்கிறது.

போன மாதம் ஆராதனை முடிந்து, வழக்கமாக நழுவுகிற பக்கவாசலை விட்டு, முன்வாசல் வழியாகப் போனேன். படிக்கட்டில் அண்ணி நின்றாள். "வாங்க தம்பி" என்றாள். அண்ணன் என்னைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். செருப்பு அவர் காலடியில்தான் கிடந்தது. நானும் குனிந்து தேட ஆரம்பித்தேன்.