இலையைத் திருப்பிப் பாருங்கள், மருந்தைப் பற்றி அப்புறம் பேசலாம்

ஓட்டை விழுந்த இலையைப் படம் எடுத்து அனுப்பி "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இலையின் அடிப்பக்கம் பார்த்தீர்களா? வெள்ளை ஈ, அசுவினி, இலைப்பேன், சிலந்திப்பேன் எல்லாம் பெரும்பாலும் குடித்தனம் நடத்துவது அங்கேதான்.

பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ், ஒரு வெள்ளைத் தாள், ஒரு நோட்டு. இவை போதும். வாரம் இரண்டு முறை, வெயில் ஏறுவதற்கு முன் போங்கள். வரப்போரச் செடிகளில் தொடங்கி, வளைந்து வளைந்து நடுப்பகுதி வரை நடக்க வேண்டும். கண்ணில் படுகிற நோஞ்சான் செடியிடமே போய் நிற்காதீர்கள். அப்படி எண்ணினால் தோட்டம் முழுக்கப் பூச்சி என்றுதான் தோன்றும். வழியில் வருகிற செடி எதுவோ அதைப் பார்த்து, கொழுந்தில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று இலைகளைத் திருப்புங்கள். வெள்ளை ஈயின் தாய் கொழுந்தில் இருக்கும், நகராத குஞ்சுகள் கீழ் இலைகளில் ஒட்டிக்கிடக்கும். மேலே மட்டும் பார்த்தால் பாதிக் கணக்கு விட்டுப்போகும்.

பூச்சி கிடைக்காவிட்டால் சேதத்தைப் படியுங்கள். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டிருந்தால் சிலந்திப்பேன். இது முக்கியம், ஏனென்றால் சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை, எட்டுக் கால் உயிர். பூச்சிக்கான மருந்துகள் பல அதன் மேல் வேலை செய்யாது. சந்தேகமாக இருந்தால் கொழுந்தை வெள்ளைத் தாளின் மேல் பிடித்துத் தட்டுங்கள். ஒல்லியாக, மஞ்சளாக நெளிந்து ஓடினால் இலைப்பேன். வெண்டை, கத்தரி இலையின் அடியில் வெளிர்பச்சையாக ஒன்று நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தால் தத்துப்பூச்சி. எறும்பு சாரை சாரையாகச் செடியில் ஏறினால் எறும்பைத் திட்டாதீர்கள், அது போகிற இடத்தைப் பாருங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ அங்கே தேன் மாதிரி இனிப்பு நீரைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும்.

நிறையப் பேர் குழம்புவது பொறிவண்டில். பளபளவென்று இருந்தால் பெரும்பாலும் அசுவினி தின்னும் நல்ல வண்டு. மங்கலான செம்பு நிறத்தில், லென்ஸில் பார்த்தால் பூனைமுடி தெரிந்தால், அது கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கும் புள்ளிவண்டு. அதன் புழு மஞ்சளாக, உடம்பெல்லாம் கிளைவிட்ட முள்ளோடு இருக்கும். நல்ல வண்டின் புழுவையும் எண்ணி நோட்டில் எழுதுங்கள். அசுவினிக் கூட்டத்துக்குள் பழுப்பாக உப்பி, அசையாமல், முதுகில் வட்ட ஓட்டையோடு சில கிடந்தால் சின்னஞ்சிறு குளவி ஒன்று அசுவினிக்குள் முட்டையிட்டு வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த வாரம் நான் மருந்துப் பக்கமே போகமாட்டேன்.

கத்தரியில் நுனித்தண்டு மட்டும் வாடித் தொங்குகிறதா? கிள்ளி எடுத்து நீளவாக்கில் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும், காயைத் துளைப்பதும் இதுதான். காயில் பெரிய ஓட்டை தெரிந்தால் பெரும்பாலும் அது புழு வெளியேறிய வாசல். உள்ளே நுழைந்த துளை சின்னது, மூடிப்போய்விடும். ஆகவே காயைப் பார்த்து முழித்துக்கொள்வது தாமதம். தொங்கும் நுனிகளை எண்ணுங்கள், எண்ணியதைக் கிள்ளி அழித்துவிடுங்கள்.

பெண் பூச்சியின் வாசனையைக் குப்பியில் வைத்து இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் விழுவது ஆண் அந்துப்பூச்சிகள் மட்டும். அதைப் புழுவை ஒழிக்கும் கருவி என்று நம்பி உட்காராதீர்கள். விழும் எண்ணிக்கை திடீரென ஏறினால், அடுத்து வரும் நாட்களில் இலையில் முட்டை தேட வேண்டும் என்ற தகவல்தான் அதில் கிடைக்கிறது. ஒரு இனத்தின் கவர்ச்சிக் குப்பியைத் தொட்ட கையோடு இன்னொன்றைத் தொடவும் கூடாது, வாசனை கலந்துவிடும். மஞ்சள் ஒட்டும் அட்டையைச் செடியின் தலைமட்டத்துக்குச் சற்று மேலே கட்டி, செடி வளர வளர ஏற்றுங்கள். இலைப்பேனுக்கு நீல அட்டை நல்லது. கண்காணிக்கச் சில அட்டைகளே போதும், நல்ல குளவியும் அதில் ஒட்டிச் சாகும்.

ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, ப்ளூபெர்ரி போட்டவர்களுக்குத் தனித் தலைவலி, புள்ளிச் சிறகுப் பழ ஈ. வீட்டில் கனிந்த பழத்தைச் சுற்றும் சின்னப் பழ ஈ அழுகலைத் தேடும். இதன் பெண் ரம்பம் போன்ற உறுப்பால் பழுக்கத் தொடங்கிய நல்ல பழத்தையே கீறி முட்டை வைக்கும். ஆணின் சிறகு நுனியில் கருப்புப் புள்ளி இருப்பதால் கண்டுபிடிப்பது எளிது. பக்கவாட்டில் சிறு துளைகள் போட்ட டப்பாவில் ஆப்பிள் சிடர் வினிகரும் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் விட்டு, நிழலில் பழ மட்டத்தில் தொங்கவிடுங்கள், வாராவாரம் மாற்றுங்கள். ஆனால் டப்பாவில் ஈ விழும்போது பழத்தில் ஏற்கெனவே புழு இருக்கலாம். அதனால் பழத்தையும் சோதிக்க வேண்டும். நல்லதாகத் தெரிகிற பழங்களைப் பறித்து, பையில் போட்டு லேசாக நசுக்கி, லிட்டருக்குக் கால் கப் உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றி, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெள்ளையாகச் சின்னப் புழுக்கள் வெளியே வந்தால், பழுத்ததை எல்லாம் அன்றைக்கே பறித்துவிடுங்கள். கழித்த பழங்களைக் குப்பைக்குழியில் கொட்டாமல், கண்ணாடிப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவையுங்கள்.