பழைய மாருதி 800-இல் கியர் விழவில்லையா?

கியர்பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டும் முன் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் எஞ்சினிலிருந்து முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். இந்த வண்டியில் கிளட்ச் கேபிளில் இயங்குவது, பெரும்பாலும் கேபிள் நீண்டிருக்கும். கியர்பாக்ஸ் பக்கம் உள்ள நட்டைத் திருகிச் சரிசெய்யலாம், ஆனால் பெடலில் கொஞ்சம் வெற்று அசைவு (கிளட்சை அழுத்தத் தொடங்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) இருந்தே ஆக வேண்டும். அதையும் இறுக்கிவிட்டால் கிளட்ச் வழுக்கும், கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கும் சீக்கிரம் தேயும். கேபிள் பிரிபிரியாகியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், விலை குறைவுதான்.

அணைத்த பிறகும் கடினமா? கியர் லீவரின் புஷ் (அசையும் இடத்தில் உள்ள உறை), லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் லிங்கேஜ் இரண்டையும் பாருங்கள். அப்புறம் கியர் ஆயில்: கசிவு இருந்தால் அளவு குறைந்திருக்கும். ரிவர்ஸ் மட்டும் கரகரத்தால் பயப்பட வேண்டாம். வண்டி முழுதாக நின்றபின், கிளட்சை மிதித்து இரண்டு விநாடி கழித்துப் போடுங்கள்.