வெண்கலப் பொருளுக்கு ஹாலோசைட் களிமண் கலந்த பாதுகாப்புப் பூச்சு போடுறது எப்படி

ஹாலோசைட் களிமண் பாக்க சாதா வெள்ளைப் பவுடர்தான், ஆனா எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பாத்தா ஒவ்வொரு துகளும் ஒரு குட்டிக் குழாய், வெளி விட்டம் சுமார் 50 நானோமீட்டர், நடுவுல இருக்கிற துளை கிட்டத்தட்ட 15 நானோமீட்டர், நீளம் ஒரு மைக்ரான் வரும். அந்தத் துளைக்குள்ள பென்சோட்ரையசோல்ங்கிற அரிப்புத் தடுப்பு மருந்தை அடைச்சு வார்னிஷ்ல கலந்து பூசுறோம், அவ்ளோதான். மருந்தை நேராவே வார்னிஷ்ல கலக்கிறதும் உண்டு, ஆனா குழாய்க்குள்ள இருந்தா மெதுவா கசியும், பூச்சுல கீறல் விழுந்தா அந்த இடத்துக்கும் கொஞ்சம் போய்ச் சேரும்.

முதல்ல பொருளைப் பாருங்க. வெளிர்பச்சையா பொடி உதிருதுன்னா குளோரைடு உப்பு உள்ள இருந்து உலோகத்தை அரிக்குதுன்னு அர்த்தம், அதை நிறுத்தாம மேல எதைப் பூசினாலும் அடியில அரிச்சுக்கிட்டேதான் இருக்கும். ஆனா காலப்போக்குல உலோகத்து மேல கெட்டியா படிஞ்ச பழைய களிம்பைச் சுரண்டாதீங்க, அதுவும் பொருளோட வரலாறுதான்.

மருந்தை அசிட்டோன்ல இதுக்கு மேல கரையாதுங்கிற அளவுக்குக் கரைச்சு, ஹாலோசைட்டைப் போட்டு நல்லா கலக்கி, வேக்குவம் டெசிகேட்டர்ல (காத்தை உறிஞ்சி எடுக்கிற மூடின கண்ணாடிப் பாத்திரம்) வைங்க. குழாய்ல இருக்கிற காத்து குமிழியா வெளிய வரும், வேக்குவத்தை விட்டதும் கரைசல் உள்ள போகும், இதையே ரெண்டு மூணு தடவை பண்ணணும். வேக்குவத்துல அசிட்டோன் சட்டுனு கொதிச்சிடும், அதனால லேசான வேக்குவம் போதும், ஃபியூம் ஹூட்ல (ஆவியை உறிஞ்சி வெளிய விடுற லேப் கூண்டு) வச்சு செய்ங்க, பக்கத்துல நெருப்பு கூடாது, கிளவுஸ், மாஸ்க் கட்டாயம். அப்புறம் சென்ட்ரிஃபியூஜ்ல வேகமா சுத்தி பவுடரைப் பிரிச்சு தண்ணில ஒரே ஒரு தடவை சட்டுனு அலசுங்க (அசிட்டோன்ல அலசினா அடைச்ச மருந்தெல்லாம் திரும்ப வெளிய வந்துடும்), 50 டிகிரிக்கு மேல போகாம காய வைங்க.

காஞ்ச பவுடரை, அசிட்டோன்ல கரைச்ச பாரலாய்ட் பி72 அக்ரிலிக் பிசின்ல (இதுதான் நம்ம வார்னிஷ்), பிசின் எடைக்கு 2-லேர்ந்து 5 சதவீதம்னு ஆரம்பிச்சு சோனிகேட்டர்ல (ஒலி அதிர்வால கலக்குற கருவி) கலக்குங்க. கட்டி கட்டியா நின்னா பூச்சு மங்கலா வெள்ளையடிச்சுக் காட்டும், பவுடர் கூடிப்போனாலும் அதே கதைதான். அசல் பொருள் எந்த உலோகக் கலவையோ அதே கலவையில செஞ்ச புதுத் தகட்டுல முதல்ல பூசி, ஈரப்பதத்துல வச்சுப் பாத்துட்டு அப்புறம்தான் அசல் பொருள். பிரஷ்ல மெல்லிசா ரெண்டு கோட் போதும்.

பின்னாடி எடுக்கணும்னா அசிட்டோன்ல பிசின் கரைஞ்சு வந்துடும், ஆனா களிமண் துகள் நுணுக்கமான செதுக்கல் பள்ளத்துல தங்கிடும், அதனால வேலைப்பாடு அதிகம் இருக்கிற இடத்துல நான் இதைப் பூச மாட்டேன், அங்க மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு (பெட்ரோலியத்துல இருந்து எடுக்கிற, ரொம்ப நுண்ணிய படிகமுள்ள மெழுகு) மட்டும் போதும்.