திரும்புவதற்கு முன்பே பாயைச் சுருக்குங்கள்

இங்கிலாந்தின் தென்கரையோரம் சின்னப் பாய்மரப் படகில் ஊர் ஊராகப் போய்வரும் ஓய்வுபெற்ற தம்பதிகள் நிறைய. காலையில் வெயில், மதியம் தூறல், மாலையில் பலத்த தென்மேற்குக் காற்று, எல்லாம் ஒரே நாளில் வரும் இடம் அது. படகில் இருப்பதோ இரண்டே பேர். பாயை நேரத்தோடு சுருக்கினால், அதாவது காற்றுப் படும் பரப்பு குறையும்படி ஒரு பகுதியை மடித்துக் கட்டினால், பாதிக் கவலை விட்டது.

ஆளை ஏமாற்றுவது பின்காற்றுதான். மணிக்கு 18 கடல் மைல் காற்று முதுகில் அடிக்க, படகு 6-இல் ஓடினால், உடம்பில் படுவது வெறும் 12. சொகுசாக இருக்கும். காற்றை எதிர்த்துத் திரும்பியதும் அதுவே 20-ஐத் தாண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் பாயில் அழுத்தம் நான்கு மடங்கு என்பது கணக்கு. அதனால் திரும்புவதற்கு முன்பே சுருக்கிவிடுங்கள். கிளம்பும்போதே சந்தேகமாக இருந்தால், படகு கரையில் கட்டியிருக்கும்போதே சுருக்கிக்கொள்வது மேல். பிறகு அவிழ்த்துவிடுவது சுலபம், ஆடுகிற படகில் ஈரக் கயிற்றை இழுத்துச் சுருக்குவதில்தான் (அறுபது வயதுக்கு மேல்!) இடுப்பு போகும்.

போர்ட்லண்ட் பில் போன்ற முனைகளில் நீரோட்டமும் காற்றும் எதிரெதிராக மோதினால் அலை செங்குத்தாக எழும். நீரோட்டம் திசை திரும்பும் நேரத்தை ஓத அட்டவணையில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். கடலோரக் காவல்படை 3 மணிக்கொருமுறை வானொலியில் சொல்லும் வானிலையை ஒருவர் கேட்டு எழுதட்டும், மற்றவர் சுக்கானைப் பார்த்துக்கொள்ளலாம்.