கடலை எல்லோரும் சேர்ந்து நிர்வகிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கே தொழில் செய்யலாம், வலைக்கு என்ன கண்ணளவு, எந்த மாதம் நிறுத்துவது என்பதை அரசாங்கமும் கடற்றொழிலாளரும் சேர்ந்து முடிவெடுப்பதுதான் கூட்டு முகாமைத்துவம். இலங்கையில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீரியல்வளச் சட்டப்படி அமைச்சர் ஒரு பகுதியை முகாமைத்துவப் பகுதியாக வர்த்தமானியில் அறிவிக்கலாம். அங்கே பதிவுள்ள தொழிலாளர் குழு அமைக்கலாம். அப்படியிருந்தும் காரியம் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: முடிவை எடுத்துவிட்டு அப்புறம் கூட்டம் கூப்பிடுகிறார்கள்.

கடலில் வேலியடைத்துக் கடலட்டை வளர்க்கும் பண்ணையைப் பாருங்கள். வரைபடத்தில் அந்த ஆழமில்லாத பரவைக்கடல் வெறுமையாகத்தான் தெரியும். ஆனால் அது ஒருவர் நண்டு வலை விடும் இடம், இன்னொருவர் படகு கொண்டுபோகும் வழி, மீன்குஞ்சு வளரும் சாதாளை என்ற கடற்புல். வேலி அடித்த பிறகு இதைக் கேட்டு என்ன பயன்? 2022இல் கிளிநொச்சி மாவட்டத்துக் கிராஞ்சியில் மீனவர்கள் பண்ணைகளுக்கு எதிராகப் போராட வேண்டி வந்தது. பண்ணையே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. அதில் பிழைக்கிற குடும்பங்களும் உண்டு. இடம் குறிக்கும் முன்பே அந்தக் கடலில் தொழில் செய்பவர்களோடு அதிகாரி இறங்கி நடந்து பார்க்க வேண்டும்.

கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் கையெழுத்து வைத்தால் ஊரே சம்மதித்தது என்று எடுத்துக்கொள்வதும் பிழை. கடலில் தடி நட்டு வலை கட்டும் சிறகுவலைக்காரருக்கு நல்லதாகப் படுவது தூண்டில்காரருக்கு நட்டமாகலாம். படகில்லாமல் கூலிக்குப் போகிறவர், வலையில் நண்டு கழற்றுகிற, கருவாடு போடுகிற பெண்கள் பதிவேட்டிலேயே இல்லாமல் போகலாம். பதிவுள்ளவரை மட்டும் அழைத்தால் இவர்களின் குரல் கேட்காது.

காவலை மட்டும் சங்கத்தின் தலையில் கட்டுவது இன்னொன்று. தடைசெய்த தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வலையோடு வருபவர் பெரும்பாலும் அயலவர் அல்லது சொந்தக்காரர். அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டு, நடவடிக்கையும் இல்லையென்றால் பகைதான் மிஞ்சும். கடற்றொழில் திணைக்களமும் கடற்படையும் பின்னால் நிற்காவிட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியை இலங்கை நாடாளுமன்றம் 2017இல் தடைசெய்தது. எல்லை தாண்டி வரும் இந்திய இழுவைப் படகுகளோ இன்னும் நம் வலைகளை அறுக்கின்றன. இதை ஊர்க்குழுவால் தீர்க்க முடியாது, அது இரண்டு அரசாங்கங்களின் வேலை. "அவங்களை விட்டிட்டு எங்கட கண்ணளவை ஏன் அளக்கிறியள்?" என்று தொழிலாளர் கேட்கும் கேள்விக்குப் பதிலில்லாமல் புதிய விதியோடு கரைக்கு வரக் கூடாது.

கூட்டத்தை மீன் ஏலம் போகும் காலை நேரத்தில் வைக்காதீர்கள். தீர்மானங்களைத் தமிழில் எழுதிச் சங்கக் கட்டடத்தில் ஒட்டுங்கள்.